உளுந்து, உளுந்தம்பருப்பு, உ.பருப்பு: ஆபீஸ் ஏஐ கேள்வி பதில்

எக்செல், டீம்ஸ், கூகுள் டாக்ஸ் ஆகியவற்றுக்குள் வந்து உட்கார்ந்திருக்கும் ஏஐ உதவியாளர்கள் (எக்செலிலும் டீம்ஸிலும் இருப்பது மைக்ரோசாஃப்டின் கோபைலட்) பற்றி நெல்லை, தென்காசி மாவட்ட வாசகர்கள் கேட்டவற்றில் சில.

கேள்வி: எங்களுடையது அப்பளத் தொழில். எக்செலின் புதிய கோபைலட் ஃபங்ஷனில் "இந்த மாத உளுந்துக் கொள்முதல் மொத்தம் எவ்வளவு" என்று கேட்டால், ஒரு தடவை ஒரு தொகை, மறுதடவை வேறு தொகை. கோளாறு எங்கே?
வாசகர், கல்லிடைக்குறிச்சி

உங்கள் கணினியில் கோளாறு இல்லை. சம் ஃபங்ஷன் எண்களைக் கூட்டுகிறது. 2025 ஆகஸ்டில் சோதனைப் பதிப்பில் வந்த கோபைலட் ஃபங்ஷன் கூட்டுவதில்லை. நீங்கள் காட்டும் கட்டங்களை எழுத்தாக்கி மொழி மாடலுக்கு (எழுத்தைப் படித்துப் பதில் எழுதும் ஏஐக்கு) அனுப்பி, அது சொல்வதைக் கட்டத்தில் போடுகிறது. சிட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு "சுமார் இவ்வளவு வரும்" என்று ஒருவர் சொல்வது மாதிரி. மறுபடி கேட்டால் அந்தச் சுமார் மாறும். கணக்குப் போட இதைப் பயன்படுத்தாதீர்கள், சம், ஆவரேஜ், இஃப் போன்ற ஃபங்ஷன்களையே பயன்படுத்துங்கள் என்று மைக்ரோசாஃப்டே தன் உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது.

மொத்தம் வேண்டுமென்றால் பக்கவாட்டில் திறக்கும் கோபைலட் பெட்டியில் இப்படிக் கேளுங்கள்: "பி நெடுவரிசையில் உளுந்து என்று இருக்கும் வரிகளுக்கு மட்டும் டி நெடுவரிசைத் தொகையைக் கூட்ட சம்இஃப்ஸ் ஃபார்முலா எழுது." வருவது ஃபார்முலா. எத்தனை தடவை ஓட்டினாலும் ஒரே விடைதான். முதலில் நான்கைந்து வரியில் போட்டுக் கால்குலேட்டரோடு ஒத்துப் பாருங்கள்.

இன்னொரு பொறி இருக்கிறது. ஒரே சரக்கை ஒருவர் "உளுந்து" என்றும், இன்னொருவர் "உளுந்தம்பருப்பு" என்றும், அவசரத்தில் மூன்றாமவர் "உ.பருப்பு" என்றும் பதிந்திருந்தால், சம்இஃப்ஸ் முதலாவதை மட்டும்தான் கூட்டும். மற்ற இரண்டையும் சத்தமில்லாமல் விட்டுவிடும். கோபைலட் ஃபங்ஷனுக்கு ஏற்ற வேலை இதுதான். "இவற்றை உளுந்து, அரிசி மாவு, எண்ணெய், பிற என்று வகைப்படுத்து" என்று எழுதி, பி2 முதல் பி150 வரை ஒரே அழைப்பில் (ஒரே ஃபார்முலாவில்) கொடுங்கள். வரிக்கு ஒன்றாக இழுத்துவிட வேண்டாம். அறிமுகத்தின்போது 10 நிமிடத்துக்கு 100 அழைப்பு, மணிக்கு 300 அழைப்பு என்று வரம்பு வைத்திருந்தார்கள். வகை வந்து விழுந்ததும் காப்பி செய்து, பேஸ்ட் ஸ்பெஷலில் வேல்யூஸ் கொடுத்து உறைய வைத்துவிட்டு, பி நெடுவரிசைக்குப் பதில் அந்த வகையை வைத்துச் சம்இஃப்ஸ் போடுங்கள். உறைய வைக்காவிட்டால் ஷீட் மறுபடி கணக்கிடும்போது வகை மாறக்கூடும்.

கேள்வி: வாழைத்தார் மண்டி வைத்திருக்கிறோம். மாதவாரியாகச் சுருக்கம் கேட்டால், மார்ச் 5இல் போன லோடை ஏஐ மே மாதத்தில் காட்டுகிறது. சில லோடுகளைக் காணவே இல்லை.
வாசகர், களக்காடு

ஏஐ பாவம், அதற்குக் கிடைத்த தேதியே தப்பு. விண்டோஸில் ரீஜன் அமைப்பு அமெரிக்கா என்று இருந்தால் 05/03/2025 என்பதை எக்செல் மே 3 என்று எடுத்துக்கொள்ளும். 25/03/2025 வந்தால் 25ஆவது மாதம் கிடையாதே, அதனால் அதைத் தேதியாக ஏற்காமல் வெறும் எழுத்தாக விட்டுவிடும். ஆக, மாதத்தின் முதல் 12 நாள் இடம் மாறிப்போகும், மிச்ச நாள் கணக்கிலேயே சேராது. நீங்கள் சொல்வது இரண்டும் இதே நோய்.

கண்டுபிடிப்பது சுலபம். அலைன்மென்ட் எதையும் மாற்றாத ஷீட்டில் உண்மையான தேதி கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்தாகிப் போனது இடப்பக்கம் நிற்கும். ஒரே நெடுவரிசையில் இரண்டு பக்கமும் நின்றால் சந்தேகமே வேண்டாம்.

டேட்டா மெனுவில் டெக்ஸ்ட் டு காலம்ஸ் போய், மூன்றாம் படியில் டேட் என்பதில் டிஎம்ஒய் (நாள், மாதம், ஆண்டு) தேர்ந்தெடுப்பதைப் பலரும் மருந்தாகச் சொல்வார்கள். இடப்பக்கம் நிற்பவை அதில் சரியாகிவிடும். ஏற்கெனவே மே 3 ஆகிப்போனவை ஆகாது. ஆகவே முதலில் ரீஜனை இங்கிலீஷ் (இந்தியா) என்று மாற்றுங்கள், பிறகு தேதி எழுத்தாகவே இருக்கும் மூலக் கோப்பை (சிஎஸ்வி போன்றது) புதிதாகத் திறங்கள். கூகுள் ஷீட்ஸில் ஃபைல், செட்டிங்ஸ், லொகேல் என்று போய் இந்தியா வைக்க வேண்டும்.

அப்படியே தொகை நெடுவரிசையையும் ஒரு பார்வை பாருங்கள். "4500/-" என்றோ "ரூ.4500" என்றோ பதிந்திருந்தால் அதுவும் எழுத்துதான். சம் அதைத் தாண்டிப் போகும், எச்சரிக்கை ஒன்றும் வராது. ஃபைண்ட் அண்ட் ரிப்ளேஸில் அந்த "/-"ஐயும் "ரூ."வையும் வெற்றிடமாக மாற்றினால் எண் மிஞ்சும். இதையெல்லாம் முடித்துவிட்டு ஏஐயிடம் சுருக்கம் கேளுங்கள்.

கேள்வி: கோபைலட்டில் ஏஜென்ட் மோட் வந்துவிட்டது, ஷீட்டை அதுவே முழுதாகச் செய்துவிடும் என்கிறார்களே?
வாசகி, தென்காசி

செய்யும். 2025 செப்டம்பரில் எக்செலுக்கும் வேர்டுக்கும் இதை அறிவித்தார்கள். ஒரு வேலையைச் சொன்னால் படிப்படியாகப் பிரித்து, ஷீட் உண்டாக்கி, ஃபார்முலா போட்டு, தானே சரிபார்த்துக்கொண்டு போகும். அப்போது மைக்ரோசாஃப்ட் தந்த கணக்குப்படி, ஷீட் வேலைகளில் திறமையை அளக்கும் ஸ்ப்ரெட்ஷீட்பெஞ்ச் என்ற சோதனையில் எக்செல் ஏஜென்ட் எடுத்தது 57.2 சதவீதம், மனிதர்கள் எடுத்தது 71.3. அசல் கோப்பில் விடாதீர்கள், நகல் எடுத்து அதில் விடுங்கள்.

கேள்வி: எங்கள் அறக்கட்டளையின் பழைய தீர்மானங்கள், சுற்றறிக்கைகள் எல்லாம் வேர்டில் இருக்கின்றன. நோட்புக்எல்எம்மில் (நாம் ஏற்றும் கோப்புகளைப் படித்துப் பதில் சொல்லும் கூகுள் ஏஐ) ஏற்றிக் கேள்வி கேட்டால் சம்பந்தமில்லாமல் உளறுகிறது. ஏஐக்குத் தமிழ் தெரியாதா?
வாசகர், பாளையங்கோட்டை

தமிழ் தெரியும். உங்கள் கோப்பில்தான் தமிழ் இல்லை. பழைய டிடிபி சென்டர்களில் பாமினி மாதிரி எழுத்துருக்களில் தட்டியிருப்பார்கள். திரையில் "அ" தெரிந்தாலும் கோப்புக்குள் சேமிப்பாவது ஏதோ ஓர் ஆங்கில எழுத்து. எழுத்துரு அதற்குத் தமிழ் வேஷம் கட்டி நிறுத்துகிறது. ஏஐ வேஷத்தைப் பார்ப்பதில்லை, உள்ளே இருப்பதைப் படிக்கிறது. ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து எழுத்துருவை ஏரியல் என்று மாற்றிப் பாருங்கள். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக மாறினால் பழைய குறியீடு, தமிழாகவே நின்றால் யூனிகோடு (எல்லா மொழிக்குமான பொதுக் குறியீடு). தமிழக அரசு 2010இலேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டாலும், பாமினி இன்னும் பல கடைகளில் ஓய்வுபெறவில்லை.

எழுத்துரு மாற்றி (ஃபான்ட் கன்வெர்ட்டர்) ஒன்றில் ஒரு பத்தியை மட்டும் போட்டு, பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிப் பாருங்கள். கவனிக்க வேண்டியவை இரண்டு. இடையில் உண்மையான ஆங்கிலச் சொல், பதிவு எண் போன்றவை இருந்தால் அவையும் தமிழ்க் கிறுக்கலாகிவிடும், அவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். அடுத்து, ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் இடம் மாறி "கொடை" உடைந்து நிற்கும். அது தெரிந்தால் மாற்றியில் வேறு எழுத்துருப் பெயரைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். பாமினி என்று நினைத்தது வேறொன்றாக இருக்கலாம்.

ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் அது வெறும் படம். கூகுள் டிரைவில் ஏற்றி, ரைட் கிளிக், ஓப்பன் வித், கூகுள் டாக்ஸ் என்று திறந்தால் எழுத்தைப் பிரித்துத் தரும். 2 எம்பிக்குள் இருக்கும்படி துண்டு போட்டுக்கொள்ளுங்கள். துணைக்கால் "ா"வும் "ர"வும் அதில் அடிக்கடி குழம்பும். பெயர், சர்வே எண், தொகை மூன்றையும் அசலோடு கண்ணால் ஒத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

பிறகு நோட்புக்எல்எம் நன்றாக உதவும். இலவசக் கணக்கில் ஒரு நோட்புக்குக்கு 50 கோப்பு. விடையில் வரும் சிறு எண்ணைத் தட்டினால் எந்தத் தீர்மானத்தின் எந்த வரி என்று காட்டும். தட்டிப் பார்க்காமல் அந்த விடையை நிர்வாகக் குழுவில் வாசிக்க வேண்டாம்.

கேள்வி: டீம்ஸ் கூட்டத்தில் பேசாத முடிவெல்லாம் குறிப்பில் வருகிறது.
வாசகி, வண்ணார்பேட்டை

கூட்டம் முடிந்தபின் கோபைலட் தரும் குறிப்பு, டிரான்ஸ்கிரிப்ட்டிலிருந்து (பேச்சை எழுத்தாக்கிய பதிவு) வருவது. பேசும் மொழி ஆங்கிலம் என்று அமைத்துவிட்டுத் தமிழில் பேசினால், காதில் விழுந்ததை ஆங்கிலச் சொல்லாக்கி எழுதி வைக்கும். குறிப்பு அதன் மேல் கட்டிய மாடி. கூட்டம் தொடங்கியதும் ஸ்போக்கன் லாங்குவேஜ் என்ன என்று பாருங்கள்.

மொழி சரியாக இருந்தாலும் நம்ம ஊர்ப் பேச்சு அதற்குச் சோதனைதான். "வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிரலாம்லா" என்று ஒருவர் கேட்க, "பாப்போம், பாப்போம்" என்று மற்றவர் சொன்னால், அது மறுப்பு என்று நமக்குத் தெரியும். குறிப்பில் "வெள்ளிக்குள் முடிக்க ஒப்புக்கொண்டார்" என்று ஏறிவிட வாய்ப்புண்டு. கடைசி இரண்டு நிமிடத்தில் யாராவது ஒருவர் யார், என்ன, எந்தத் தேதி என்று நேர்வாக்கியமாக வாசித்துவிடுங்கள்.

கேள்வி: கோபைலட் போட்டபின் ஊழியர் ஒருவருக்கு எல்லோருடைய சம்பளப் பட்டியலும் விடையில் வந்துவிட்டது. கசிவா?
வாசகர், வள்ளியூர்

கசிவு இல்லை, கதவு முன்னமே திறந்து கிடந்திருக்கிறது. கேட்பவருக்குத் திறக்க உரிமையுள்ள கோப்புகளையெல்லாம் கோபைலட் தேடும். ஷேர்பாயின்ட் (அலுவலகக் கோப்புகளைப் பகிரும் மைக்ரோசாஃப்ட் தளம்) ஃபோல்டர் ஒன்றில் "எவ்ரிஒன் எக்ஸெப்ட் எக்ஸ்டர்னல் யூசர்ஸ்" என்ற குழுவுக்கு அனுமதி கொடுத்திருந்தால், அலுவலகம் முழுக்கவும் அதைப் படிக்கலாம். இதுவரை யாரும் தேடவில்லை, அவ்வளவுதான். அந்த ஃபோல்டரில் மேனேஜ் ஆக்சஸ் திறந்து அந்தக் குழுவை நீக்கி, தேவையானவர் பெயரை மட்டும் சேருங்கள். பிறகு சாதாரண ஊழியர் கணக்கு ஒன்றில் நுழைந்து "சம்பளம்", "ஆதார்", "வங்கிக் கணக்கு" என்று கோபைலட்டிடம் கேட்டுப் பாருங்கள். வரும் ஒவ்வொரு கோப்புக்கும் இதே வேலையைத் திரும்பச் செய்ய வேண்டும்.