முதியோர் பராமரிப்பாளர்களும் பல்கலைக்கழக ஆய்வும்: கேள்வி பதில்

கொழும்பில் முதியோர் பராமரிப்போடு தொடர்புடைய பலர், பராமரிப்பு இல்லங்களும் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து ஆய்வு செய்வது பற்றிக் கேட்டிருந்தார்கள். சமூகப்பணி கற்பிக்கும் ஒரு விரிவுரையாளராக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வெள்ளவத்தையில் முதியோர் இல்லம் நடத்தும் ஒருவர்: ஆண்டுதோறும் மாணவர்கள் வினாக்கொத்தோடு வருகிறார்கள். நிரப்பிக் கொடுக்கிறோம். பிறகு ஒரு தகவலும் இல்லை. எங்களுக்கு இதனால் என்ன பயன்?

இப்படியே போனால் ஒரு பயனும் இல்லை. வந்து எழுதிக்கொண்டு போவதைக் கூட்டு முயற்சி என்று சொல்ல முடியாது. நெதர்லாந்தில் லிம்பர்க் மாகாணத்து இல்லங்களும் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகமும் 1998இல் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கின. பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் வாரத்தில் ஒரு நாளை இல்லத்திலேயே கழிப்பார். இல்லத்து ஊழியர் ஒருவரும் அதேபோல ஆய்வுக்கென நேரம் ஒதுக்குவார். எதை ஆராய்வது என்பதை இருவரும் பேசித் தீர்மானிப்பார்கள். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரமும் பின்னர் இந்த முறையைப் பின்பற்றியது. அடுத்த முறை மாணவர் வந்தால் வினாக்கொத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, "எங்கள் ஊழியர்கள் கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது, அதை ஆராய்வீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள்.

பம்பலப்பிட்டியில் வேலை செய்யும் பராமரிப்பாளர்: நான் சாதாரண தரம் வரைதான் படித்தேன். ஆய்வில் எனக்கு என்ன வேலை இருக்கிறது?

தங்கச்சி, படுக்கைப் புண்ணை எடுத்துக்கொள்வோம். எழும்ப முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்பது பொதுவான விதி. அதற்கென ஒரு பதிவேடு கட்டில் தலைமாட்டில் தொங்கும். இரவு பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு என்று எல்லாக் கட்டத்திலும் சரி அடையாளம் இருக்கும். அத்தனையும் ஒரே பேனையில், ஒரே சாய்வில் இருக்கும். விடியற்காலையில் மொத்தமாகப் போட்டது என்பது உங்களுக்குத் தெரியும். ஏன் என்பதும் தெரியும்: இரவில் தனியாக நிற்கும் ஒரு பெண்ணால் எழுபது கிலோ உடம்பைப் புரட்ட முடியாது, பேம்பர்ஸ் மாற்றுவதே பெரும்பாடு. வெளியிலிருந்து வரும் ஆய்வாளர் அந்தப் பதிவேட்டை நம்பி, "புரட்டுதல் ஒழுங்காக நடக்கிறது, ஆயினும் புண் வருகிறது" என்று எழுதிவிட்டுப் போவார். அடுத்ததாக மெத்தையைக் குறை சொல்வார். உண்மையில் ஆராய வேண்டியது இரவுக் கடமைக்கு எத்தனை பேர் என்பதைத்தான். அந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்க உங்களை விட்டால் ஆளில்லை. அதுதான் உங்கள் வேலை. அதற்குச் செலவாகும் நேரத்துக்குச் சம்பளமும் கேளுங்கள்.

முதுமாணி மாணவி: ஊழியர்கள் முகாமையாளருக்குப் பயந்து நல்லதையே சொல்கிறார்கள். என்ன செய்வது?

பயப்படத்தான் செய்வார்கள். பேசும் இடத்தில் முகாமையாளர் இருக்கக்கூடாது. யார் பங்குபற்றினார், யார் மறுத்தார் என்பதும் அவருக்குத் தெரியக்கூடாது. ஒப்புதல் படிவம் தமிழிலும் சிங்களத்திலும் இருக்கட்டும், ஆங்கிலப் படிவத்தில் வாங்கும் கையொப்பத்தை நான் ஒப்புதலாக எண்ணுவதில்லை. பெயரை நீக்கினால் போதும் என்றும் நினைக்காதீர்கள். ஆறு பேர் வேலை செய்யும் இல்லத்தில் "ஹட்டனிலிருந்து வந்த, 24 வயதுப் பெண்" என்று எழுதினால் பெயரை எழுதியதற்குச் சமம். பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதி கையில் இல்லாமல் வாசலைத் தாண்டாதீர்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் ஒரு முறை வாசியுங்கள்.

லண்டனிலிருந்து ஒருவர் (தாயார் வெள்ளவத்தை மாடிக் குடியிருப்பில் தனியாக இருக்கிறார்): ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? சம்பளத்தைக் கூட்டினால் ஆட்கள் நிற்பார்கள் அல்லவா?

பாதி சரி. சம்பளத்தின் இடத்தை ஆய்வு பிடிக்க முடியாது. நீங்கள் வாழும் நாட்டையே பாருங்கள்: சமூகப் பராமரிப்பு ஆய்வுக்கெனத் தனி ஆய்வுப் பள்ளியை 2009இலேயே தொடங்கிய இங்கிலாந்தில், 2021/22இல் ஏறத்தாழ 1,65,000 பராமரிப்புப் பணியிடங்கள் காலியாக இருந்தன. 2022 பெப்ரவரியில் பராமரிப்பாளருக்கான விசாவைத் திறந்து வெளிநாட்டிலிருந்து ஆளெடுத்தார்கள், 2025 ஜூலையில் அந்தக் கதவை மூடினார்கள். ஆனால் ஆள் ஏன் போகிறார், ஒருவர் போனால் புதியவரைப் பழக்க எவ்வளவு செலவாகிறது என்ற கணக்கு இல்லாமல் எந்த இல்லத்தின் அறங்காவலர் சபையிடமும் சம்பள உயர்வு கேட்க முடியாது. ஒன்று நான் கேட்கிறேன்: உங்கள் அம்மாவோடு இரவில் தங்கும் பெண்ணுக்கு ஓய்வு நாள் உண்டா? சேமலாப நிதி உண்டா? இல்லங்களையும் மருத்துவமனைகளையும் சுற்றிவரும் ஆய்வாளர்கள், மாடிக் குடியிருப்புகளில் வேலை செய்யும் இவர்களின் கதவைத் தட்டுவது அபூர்வம்.

ஓர் இல்லத்தின் அறங்காவலர்: ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தால் இஸ்ரேலுக்குப் போய்விடுகிறார்களே?

கொடுக்காவிட்டாலும் போவார்கள். 65 வயதைக் கடந்தவர்கள் 2012இல் நம் மக்கள்தொகையில் 7.9 வீதம், 2024 கணக்கெடுப்பில் 12.6 வீதம். மீதமிருப்பவரையும் பயிற்றாமல் விட்டால் யாரைக் கொண்டு சமாளிப்பீர்கள்? போனவர்களைப் பற்றிப் புலம்புவதைவிட, பத்து ஆண்டாக உங்களோடு நிற்பவர் ஏன் நிற்கிறார் என்று ஆராயச் சொல்லுங்கள்.

அதே அறங்காவலர்: பல்கலைக்கழகத்தோடு செய்யும் புரிந்துணர்வு உடன்படிக்கையில் எதை எழுத வேண்டும்?

ஊழியர் ஆய்வுக் கூட்டத்துக்குப் போகும் நேரத்தில் கடமைக்கு யார் நிற்பார், அவருக்கு யார் சம்பளம் கொடுப்பார் என்பதை முதலில் எழுதுங்கள். முடிவுகளை எந்தத் திகதிக்குள், எந்த மொழியில் ஊழியர்களிடம் சொல்வார்கள் என்பதையும் சேருங்கள். விரிவுரையாளர் மேற்படிப்புக்கு வெளிநாடு போய்விட்டால் பொறுப்பு யாருக்கு என்ற வரியும் வேண்டும். அது இல்லாமல் படுத்துவிட்ட திட்டங்கள் உண்டு.

கொட்டாஞ்சேனையிலிருந்து: நாங்கள் மிகச் சிறிய இல்லம். எங்கே தொடங்குவது?

சீதுவையில் உள்ள தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தில் சமூகப்பணிப் பட்டப்படிப்பு உண்டு. களப்பயிற்சிக்கு ஒரு மாணவரை ஏற்றுக்கொள்ள விரும்புவதாக அவர்களுக்கு எழுதுங்கள். தமிழ் பேசுபவராக இருந்தால் நல்லது என்பதையும் குறிப்பிடுங்கள். அவர்கள் மாணவரை அனுப்பும்போது மேற்பார்வை செய்யும் விரிவுரையாளரின் தொலைபேசி இலக்கத்தையும் கேட்டு வாங்குங்கள்.