சின்னப் பிள்ளைகளோடு மட்டக்களப்புப் பக்கம் கூடாரம் அடித்துத் தங்கலாமா? எங்கே, எப்போது?

கேட்டவரின் பிள்ளைகளுக்கு 4 வயதும் 6 வயதும். ஒரு இரவாவது கூடாரத்தில் தங்க வேண்டும் என்ற ஆசை. உன்னிச்சைக் குளம், பாசிக்குடா, குமணை என்று ஆளுக்கொரு இடம் சொல்கிறார்களாம். எதைத் தேர்வது என்று கேட்கிறார்.

மூன்றும் வேண்டாம் என்பேன். முதல் தடவைக்குக் கடற்கரைப் பக்கம் வளவு உள்ள ஒரு சொந்தக்காரரைத் தேடிப் பிடியுங்கள். நாங்கள் போவது கிரான்குளத்தில் என் மனைவியின் சின்னம்மாவுடைய வளவுக்கு. கிணறு உண்டு, கழிப்பறை உண்டு, கட்டாக்காலி நாய்களும் மாடுகளும் நுழையாதபடி வேலி உண்டு. நடுச்சாமத்தில் சின்னவள் அழுதால் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கவைக்க ஒரு கட்டிலும் உண்டு. இதெல்லாம் ஒரு கூடாரவாசமா என்று மச்சான் சிரிப்பார். அவருக்கு இன்னும் பிள்ளைகள் இல்லை.

நாலு வயதுப் பிள்ளைக்குக் காடும் ஒன்றுதான், சின்னம்மாவின் வளவும் ஒன்றுதான். இருட்டிய பிறகும் மணலில் விளையாட விடுகிறார்கள், அப்பாவும் அம்மாவும் நிலத்தில் பக்கத்திலேயே படுக்கிறார்கள் என்பதுதான் அதற்கு அதிசயம். தூரம் போக வேண்டும் என்பது பெரியவர்களின் ஆசை.

உன்னிச்சையைப் பகலில் பார்த்துவிட்டு வாருங்கள். காட்டுக்குள் தண்ணீர் வற்றும் மாதங்களில் யானைகள் குளங்களைத் தேடித்தான் வரும். உன்னிச்சை இருக்கும் படுவான்கரையில், அதாவது வாவிக்கு மேற்கேயுள்ள பகுதியில், இரவானால் வயல்காரர்களே யானைக்குக் காவல் இருக்கிறார்கள். அங்கே குளக்கட்டுக்குப் பக்கத்தில் மெல்லிய துணிக்குள் பிள்ளைகளைப் படுக்கவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. குளங்களில் முதலைகளும் உண்டு. யானை பார்க்க ஆசையென்றால் அம்பாறைப் பக்கம் இங்கினியாகலைக்குப் போய், சேனநாயக்க சமுத்திரத்தில் பகற்பொழுதில் படகில் ஏறுங்கள். குமணை தேசியப் பூங்கா. அங்கே முகாம் இடத்தை வனசீவராசிகள் திணைக்களத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். பூங்காவுக்குள் நினைத்த இடத்தில் வாகனத்தை விட்டு இறங்கவும் முடியாது. ஆறு வயதுக்காரனை நாள் முழுக்க ஜீப்பில் உட்காரவைத்துப் பறவை பார் என்றால் யாருக்குத் தண்டனை? பாசிக்குடா குளிக்கும் இடம், படுக்கும் இடமல்ல. நெடுந்தூரம் இடுப்பளவுத் தண்ணீர்தான் என்பதால் காலையில் அங்கே கொண்டுபோய் இறக்கிவிடுங்கள்.

காலம் ஜூன் முதல் ஓகஸ்ட் வரை. ஒக்டோபருக்குப் பிறகு வாடைக்காற்றும் மழையும் வந்துவிடும். ஏப்ரலில் பின்னேர இடி மின்னல். ஆனால் ஜூன், ஜூலையில் கச்சான் காற்று இருக்கிறது. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கச்சான் தரைப்பக்கமிருந்து கடலை நோக்கி வீசும். அதனால்தான் அந்த மாதங்களில் நம் கரையில் கடல் தட்டையாக, சாதுவாகத் தெரிகிறது. அதே காற்று, காற்றடைத்த வளையத்தையும் பந்தையும், அவற்றைப் பிடித்துக்கொண்டிருக்கும் பிள்ளையையும் வெளிக்கடலுக்குத் தள்ளும். ஊதும் சாமான்களை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். பாசிக்குடாவிலும் இதுதான் விதி. கிரான்குளம், கல்லடி போன்ற திறந்த கடற்கரையில் கால் நனைப்பதோடு சரி.

காற்று கூடாரத்தையும் விடாது. மணலில் முளை நிற்காது, எவ்வளவு ஆழமாக அடித்தாலும் பிடுங்கிக்கொள்ளும். வெற்று அரிசிப் பைகளில் மணல் நிரப்பிக் கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்தில் புதையுங்கள். நிரப்பும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். ஒரு மணித்தியாலம் சத்தமில்லாமல் போய்விடும், உங்கள் முதுகும் தப்பும். தென்னைக்குக் கீழே அடிக்காதீர்கள். நிழல் பெரிதுதான், தேங்காய் அதைவிடப் பெரிது.

வெயில் சாயும்வரை கூடாரத்தை விரிக்கவே வேண்டாம். உள்ளே அடுப்புபோல் வெந்துவிடும். மழைக்கான மேல் துணியைக் கழற்றிவிட்டு வலையோடு மட்டும் விடுங்கள், ஆனால் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருங்கள். எதிரெதிரான இரு பக்கங்களையும் திறந்தால்தான் உள்ளே காற்று ஓடும். பொழுது சாயும் நேரத்தில் நுளம்பு படையெடுக்கும். வாவியோரத்தில் இன்னும் மோசம். நீளக்காற்சட்டையும் நீளக்கைச் சட்டையும் அதற்கு முன்பே போட்டுவிடுங்கள். இருட்டிய பிறகு வலைச் சிப்பைத் திறந்துவைத்துக்கொண்டு பேசுகிறவர் யாராக இருந்தாலும் திட்டு வாங்கலாம். எங்கள் வீட்டில் அது நான்தான்.

சாப்பாட்டுக்குச் சமையலை இழுத்து வைக்க வேண்டாம். இரவுக்குப் பிட்டும் மீன் பொரியலும் வீட்டிலிருந்தே போகட்டும், ஆனால் மீந்ததைக் காலைக்கு வைக்காதீர்கள். தேங்காய்ப்பூப் போட்ட எதுவும் அந்தச் சூட்டில் விடியுமுன் புளித்துவிடும். காலைக்குப் பாணும் அவித்த முட்டையும் போதும். நெருப்பு வேண்டுமென்று அடம்பிடிப்பார்கள், நியாயம்தான். வேலிக்கும் காய்ந்த ஓலைக்கும் தள்ளிச் சின்னதாக மூட்டி, தணலில் வற்றாளங்கிழங்கைப் புதையுங்கள். காற்று பலமென்றால் நெருப்பே கிடையாது என்று முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. அணைக்கத் தண்ணீர்தான் வேண்டும். மணலால் மூடினால் தணல் அடியில் உயிரோடு கிடந்து, காலையில் ஓடிவருகிற பிஞ்சுக் காலைச் சுட்டுவிடும்.

மூடியுள்ள ஒரு வாளியைக் கூடார வாசலில் வையுங்கள். இரவு இரண்டு மணிக்கு அதன் அருமை தெரியும்.

நாள் தேர்வதில் என் கட்சி போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை. நிலவு வெளிச்சத்தில் பிள்ளைகளுக்குப் பயம் பாதியாகக் குறையும். அன்று மதுக்கடைகளும் பூட்டு என்பதால், கரையில் இரவுச் சத்தமும் குறையும். வளவு வைத்திருக்கும் சொந்தம் இல்லாதவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள்.

கூடாரத்தை உடனே வாங்கிவிடாமல் முதலில் இரவல் கேளுங்கள். பிறகு வாங்குவதானால், பெட்டியில் நாலு பேர் என்று எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். அந்த நாலு பேரும் புரளக் கூடாது என்பதை எழுத மறந்துவிடுகிறார்கள். ஆறு பேருக்கானதைக் கேட்டு, மேற்பகுதி முழுவதும் வலைதானா என்று கடையிலேயே விரித்துப் பாருங்கள்.