கடலைக் காப்பாற்ற மீனவரைக் கரையேற்ற வேண்டுமா?

கேள்வி: கடலைப் பாதுகாக்க வேண்டுமென்றால் மீன்பிடியைக் குறைத்தே ஆக வேண்டும் என்கிறார்கள். அப்படியானால் அதையே நம்பியிருக்கும் மீனவர்கள் எங்கே போவார்கள்? இரண்டையும் சேர்த்துக் காப்பாற்ற முடியுமா?

முடியும் என்பதுதான் என் பதில். ஆனால் ‘மீன்பிடி’ என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடக்கிவிட்டால் விடை கிடைக்காது. விடியலில் துடுப்பு போட்டுப் போய், நாலு தூண்டிலை இறக்கிவிட்டு, மதியத்துக்குள் கரைக்குத் திரும்புகிறவரும் மீன்பிடிக்கிறார். கால்பந்து மைதானத்தைவிட அகலமாக வாய் திறக்கும் மடியை, அதாவது பை போன்ற வலையை, இழுத்துக்கொண்டு மாதக்கணக்கில் கடலிலேயே கிடக்கும் கப்பலும் மீன்பிடிக்கிறது. “குறை” என்று உத்தரவு வந்தால் அது முதலில் யார் தலையில் விழுகிறது என்று பாருங்கள்.

படித்து முடித்த புதிதில் மீன்வளக் கணக்கெடுப்பு ஒன்றில் தற்காலிக வேலை பார்த்தேன். பிடிபடும் மீன்களின் நீளத்தை அளந்து எழுத வேண்டும், அவ்வளவுதான். அதற்காக, மடியைக் கடலடியில் இழுத்துப் பிடிக்கும் ஒரு இழுவைப் படகில் மூன்று நாள் தங்கலுக்குப் போனேன். முதல் நாள் முழுக்க வாந்தி. அது தனிக் கதை. இரண்டாம் நாள் விடியலில், கயிற்றைச் சுருட்டும் விஞ்சு சுற்ற, மடியின் வாயை விரித்துப் பிடிக்கும் பலகைகள் இரண்டும் மேலே வந்து படகின் பக்கத்தில் இடித்து நின்றன. பின்னாலேயே மடி. அதன் அடிமுடிச்சை ஒருவர் உருவியதும் தளத்தில் ஒரு குவியல் கொட்டியது. போனது இறாலுக்கு, ஆனால் அந்தக் குவியலில் இறாலைத் தேட வேண்டியிருந்தது. விரல் நீள மீன்கள், நகத்தளவு நண்டுகள், உடைந்த சிப்பி, கடற்பஞ்சு, வயிற்றை உப்பிக்கொண்டு கிடந்த பேத்தை ஒன்று, சேறு. ஆறு பேர் குந்தி உட்கார்ந்து கையாலேயே பிரித்தார்கள். இரண்டு கூடை இறால் தேறியது. விற்கிற மீன் கொஞ்சம். மீதியெல்லாம் சங்காயம். அதை அரைத்துத் தீவன மாவாக்கக் கொடுப்பார்கள். வைக்க இடமில்லையென்றால் மண்வெட்டியால் தள்ளிக் கடலிலேயே விட்டுவிடுவார்கள். அன்று நான் அளந்த மீன்களில் பெரும்பாலானவை ஒரு முறைகூட முட்டையிட்டிராதவை.

படகை ஓட்டிய டிரைவர் அண்ணனிடம் கேட்டேன், “இன்னும் ஆறு மாசம் விட்டா நல்லா வளருமே அண்ணே?” அவர் கோபப்படவில்லை. “நான் விட்டா பின்னாடி வர்ற போட்டு விடுமா தம்பி? டீசலே கடனுக்குப் போட்டிருக்கேன்.”

பிற்பாடு படித்த பல அறிக்கைகளைவிட அந்த இரண்டு வாக்கியங்கள்தான் எனக்கு அதிகம் விளக்கின. ஒன்று போட்டி, இன்னொன்று டீசல்.

டீசலை முதலில் பார்க்கலாம். 2018-ல் மட்டும் உலக அரசுகள் மீன்பிடித் துறைக்குக் கொடுத்த மானியம் சுமார் 3,500 கோடி டாலர் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அதில் ஏறக்குறைய 2,200 கோடி, படகுகளின் பிடிக்கும் திறனைக் கூட்டுகிற வகை. தனிப்பெரும் பங்கு எரிபொருளுக்கு. ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் போய்ச் சேர்ந்தது சின்னப் படகுக்காரர்களுக்கு அல்ல, பெரிய அளவில் தொழில் செய்கிறவர்களுக்கு. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத நடுக்கடலில் இன்று மீன்பிடி நடக்கும் இடங்களில் பாதிக்கு மேல், மானியம் இல்லையென்றால் நட்டத்தில்தான் ஓடும் என்று இன்னொரு ஆய்வு சொல்கிறது. அதாவது மீன் இல்லாத இடத்திலும் போய்த் துழாவ நாமே காசு கொடுக்கிறோம். உலக வணிக அமைப்பு இருபது வருடம் இழுத்து 2022-ல் ஒரு ஒப்பந்தம் போட்டது. 2025 செப்டம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. திருட்டு மீன்பிடிக்கும், ஏற்கெனவே தேய்ந்துபோன மீன் இனங்களைப் பிடிப்பதற்கும் மானியம் கூடாது என்கிறது. நல்லதுதான். ஆனால் அளவுக்கு மீறிய படகுகளைக் கட்டவும் ஓட்டவும் கொடுக்கும் மானியத்தை, அதாவது நோயின் வேரை, இன்னும் பேசிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பின் கணக்கில், 1974-ல் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்ட மீன் இருப்புகள் (ஒரு கடற்பகுதியில் வாழும் ஒரு மீன் இனத்தின் கூட்டம்தான் ஓர் இருப்பு) பத்தில் ஒன்று. இப்போது மூன்றில் ஒன்றுக்கும் மேல்.

இந்த இடத்தில் “அப்போ மீனவர்களைத் தடுத்துத்தானே ஆக வேண்டும்” என்று கேட்பார்கள். யாரைத் தடுத்தார்கள், எப்போது தடுத்தார்கள் என்பதற்குக் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கதையைத்தான் நான் எப்போதும் சொல்வேன். அங்கே காட் மீன் என்றால் வாழ்க்கை. ஐந்து நூற்றாண்டாக ஊர்கள் அதன் மேல்தான் நின்றன. 1950-களுக்குப் பிறகு பிடித்த மீனைக் கப்பலிலேயே உறைய வைக்கும் வெளிநாட்டு உறைகலக் கப்பல்கள் வந்தன. 1968-ல் ஒரே ஆண்டில் 8 லட்சம் டன்னுக்கு மேல் அள்ளினார்கள். 1977-ல் கனடா 200 கடல் மைல் வரை தன் மீன்பிடி எல்லையை அறிவித்து வெளிநாட்டுக் கப்பல்களை வெளியேற்றியது. கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை; போன கப்பல்களின் இடத்தில் சொந்த நாட்டு இழுவைக் கப்பல்கள் வந்தன. 1980-களின் நடுவில் கரையோர மீனவர்கள் கத்த ஆரம்பித்தார்கள்: பாடு, அதாவது கிடைக்கும் மீன், குறைகிறது, வருகிற மீனும் சின்னதாக இருக்கிறது, கடலில் எவ்வளவு மீன் இருக்கிறது என்ற அரசின் கணக்கில் எங்கோ தப்பு. அதிகாரிகளின் கணக்கோ பெரிய கப்பல்களின் பிடியையும் வைத்துப் போடப்பட்டது. இருக்கிற மீன் ஓரிடத்தில் கூடும்போது கருவி வைத்துக் கண்டுபிடித்து அள்ளும் கப்பலுக்கு, கடைசி மீன் வரை வலை நிறையத்தான் செய்யும். கடல் காலியாவது அதற்குத் தெரியாது. கரைக்கு வருகிற மீனுக்காகக் காத்திருக்கிறவனுக்குத்தான் முதலில் தெரியும்.

1992 ஜூலையில் காட் மீன்பிடியையே நிறுத்தினார்கள். இரண்டு வருடம்தான் என்றார்கள். ஏறக்குறைய 30,000 பேருக்கு ஒரே நாளில் வேலை போனது. அந்தத் தடையை முறைப்படி நீக்கியது 2024-ல். அப்போதும் அனுமதித்த அளவு 18,000 டன்தான். எச்சரித்தவர்களும் சேர்ந்தே தண்டனையை அனுபவித்தார்கள் என்பதுதான் எனக்கு இதில் பொறுக்காத விஷயம்.

அடுத்தது போட்டி. “நான் விட்டால் அவன் பிடிப்பான்” என்பது மனித இயல்பு, மாற்ற முடியாது என்று நெடுங்காலம் பாடம் நடத்தினார்கள். 2009-ல் பொருளாதார நோபல் பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம் அதைத்தான் மறுத்தார். அவர் எடுத்துக்காட்டிய இடங்களில் ஒன்று துருக்கியின் அலான்யா. 1970-களின் தொடக்கத்தில் அங்கே நல்ல மீன்தளத்துக்காக அடிதடி. சுமார் நூறு மீனவர்கள்தான். கூட்டுறவுச் சங்கத்தில் உட்கார்ந்து பேசி, வலை போடும் இடங்களுக்கெல்லாம் பெயர் எழுதி, ஒரு வலை இன்னொன்றின் மீனை மறிக்காத இடைவெளி விட்டுப் பிரித்தார்கள். செப்டம்பரில் சீட்டுக் குலுக்கல். இன்று உனக்கு முதல் இடம் என்றால் நாளை கிழக்கே அடுத்த இடம், மறுநாள் அதற்கடுத்தது. ஜனவரியிலிருந்து எதிர்த் திசையில் நகர்வு. மீன் கூட்டம் எந்தப் பக்கம் போனாலும் எல்லோருக்கும் ஒரு நல்ல நாள் உண்டு. காவலுக்கு ஆளே தேவைப்படவில்லை. அன்று அந்த இடத்துக்கு உரியவர் தன் நல்ல நாளை வேறொருவனுக்கு விட்டுக்கொடுப்பாரா என்ன?

பிலிப்பைன்ஸில் ஆப்போ என்று ஒரு குட்டித் தீவு. அங்கே மீனவர்கள் 1982-ல் தங்கள் பவளப் பாரில் ஒரு சின்னப் பகுதியை ஒதுக்கி, அதற்குள் வலை, தூண்டில் எதுவும் கூடாது என்று முடிவு செய்தார்கள். தூண்டியவர் ஆங்கெல் அல்காலா என்ற கடல் உயிரியலாளர். ஆனால் அவர் போய் உத்தரவு போடவில்லை. பக்கத்தில் இருந்த சுமிலோன் தீவில் அப்படி ஒதுக்கிய இடத்துக்கு மீனவர்களை அழைத்துப்போய்க் காட்டினார். உள்ளே வளர்ந்த மீன் எல்லையைத் தாண்டி வெளியே வரும், வெளியே நீங்கள் பிடிக்கலாம் என்பதை அவர்களே பார்த்தார்கள். அப்புறமும் வருடக்கணக்கில் பேச்சு நடந்தது. ஆப்போவில் ஊர்க்காரர்களே முறை வைத்துக் காவல் காத்தார்கள். காலப்போக்கில் மீன் பெருகியது. வேடிக்கை என்னவென்றால், முன்மாதிரியாகக் காட்டிய சுமிலோனில் 1984 வாக்கில் காவல் உடைந்தது. உள்ளே புகுந்து பிடித்தார்கள். பிடிக்கக் கிடைத்த பரப்பு கூடியது, ஆனால் மொத்தப் பாடு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. இதைவிடத் தெளிவான சோதனையை யாரும் வேண்டுமென்றே செய்திருக்க முடியாது.

மெக்சிகோவின் காபோ புல்மோவையும் எல்லோரும் சொல்வார்கள். 1995-ல் பூங்காவானது, மீனவக் குடும்பங்களே மீன்பிடியை விட்டுவிட்டு முக்குளிப்புச் சுற்றுலாவுக்கு மாறின, 1999-க்கும் 2009-க்கும் இடையில் மீன்களின் மொத்த எடை நான்கு மடங்குக்கு மேல் கூடியது. அருமை. ஆனால் அதை எல்லாக் கரைக்கும் மருந்தாக எழுதிக் கொடுப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கலங்கல் தண்ணீரும் சேற்றுக் கரையும் உள்ள ஊருக்கு யார் முக்குளிக்க வரப்போகிறார்கள்?

எதிர்ப்பக்கமும் உண்டு. இந்தியப் பெருங்கடலில் உள்ள சாகோஸ் தீவுகளின் மக்களை 1968-க்கும் 1973-க்கும் இடையில் ராணுவத் தளத்துக்காக பிரிட்டன் வெளியேற்றியது. 2010-ல் அதே பிரிட்டன் அந்தக் கடலை மாபெரும் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது. அந்த அறிவிப்பு கடல் சட்ட உடன்படிக்கையை மீறியது என்று 2015-ல் நடுவர் மன்றம் தீர்ப்பு சொன்னது. 2030-க்குள் கடலில் 30 சதவீதத்தைப் பாதுகாப்போம் என்று 2022-ல் நாடுகள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. அந்த இலக்கை நான் ஆதரிக்கிறேன். ஆனால் வரைபடத்தில் கோடு போடுவது சுலபம் என்பதாலேயே எனக்குக் கொஞ்சம் பயமும் இருக்கிறது.

மீனவர்கள் எல்லோரும் கடலின் பிள்ளைகள், தவறே செய்ய மாட்டார்கள் என்றும் நான் சொல்லவில்லை. வெடி வைத்துப் பிடிப்பவர்களும், கொசுவலையை வலையாக்குகிறவர்களும் கரையோர ஆட்கள்தான். பெரும்பாலும் பாடு செத்த பிறகு அங்கே வந்து நிற்கிறார்கள். தடையை மட்டும் கொண்டுபோய் நீட்டினால் ராத்திரியில் போவார்கள்.

பெண்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பதில் முழுசாகாது. சிறு அளவு மீன்பிடித் தொழிலில், பிடிப்பதிலிருந்து விற்பது வரை கணக்கெடுத்தால், பத்தில் நான்கு பேர் பெண்கள். மேற்கு ஆப்பிரிக்கக் கரைகளில் மத்தி இன மீன்களைப் புகையூட்டி உள்ளூர்களுக்கு விற்பவர்கள் அவர்களே. மீன்மாவு ஆலைகள் வந்தபின் அதே மீனை ஆலை அதிக விலைக்கு எடுத்துக்கொள்கிறது. மாவாகி, கப்பல் ஏறி, வேறு எங்கோ வளர்ப்பு மீனுக்கு இரையாகிறது. படகுக்காரருக்கு விற்க ஆள் கிடைத்தது. புகையூட்டும் அடுப்புக்கு மீன் கிடைக்கவில்லை. பண்ணை மீன் சாப்பிட்டால் கடலுக்கு நல்லது என்று சொல்லும்போது, அந்த மீன் எதைத் தின்கிறது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடல் சூடாவதால் மீன்கள் இடம் மாறுவதும், அறுந்துபோன வலைகள் ஆளில்லாமலே மீனைக் கொன்றுகொண்டிருப்பதும் தனித்தனிப் பதில்களுக்கு உரியவை, இங்கே தொடவில்லை.

நானே சட்டம் போடலாம் என்றால், கரையோரக் கடலைச் சின்னப் படகுகளுக்கு மட்டும் என்று ஒதுக்கி, அதைக் காக்கும் அதிகாரத்தையும் அவர்களிடமே கொடுப்பேன். இழுவைப் படகிலிருந்து வெளியேற விரும்புகிறவரின் கடனை மானியப் பணத்திலேயே அடைப்பேன். அந்த டிரைவர் அண்ணன் பிடிவாதக்காரர் இல்லை. மறுபடி ஒரு முறை துறைமுகத்தில் பார்த்தபோது, “வலைக்கண்ணைப் பெருசாக்கச் சொல்றாங்க, எல்லாரும் ஒரே நாள்ல மாத்துனா நானும் மாத்துவேன்” என்றார்.