வளைகாப்புப் பணமும் ஆபரேஷன் பில்லும்

கேள்வி: கல்லிடைக்குறிச்சியில் சின்னதாகப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். மகளுக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவம் எங்கள் செலவு. குழந்தை இன்னும் தலை திரும்பவில்லை, சிசேரியன் ஆகலாம் என்று பாளையங்கோட்டை டாக்டரம்மா சொல்கிறார். கையில் 2 லட்சம் இருக்கிறது, அதில் 1.20 லட்சம் வளைகாப்புக்கு. தெரிந்த ஏஜென்ட், "இப்பவே ஹெல்த் பாலிசி போட்டுருங்க, ஆபரேஷன் செலவு அதுல வந்துரும்" என்கிறார். பிரீமியம் 24,000. போடலாமா? மருமகன் சென்னையில் தனியார் கம்பெனியில் இருக்கிறார்.

பதில்: அண்ணாச்சி, பிரசவச் செலவுக்காக என்றால் அந்தப் பாலிசி வேண்டாம். தனிநபர் ஹெல்த் பாலிசிகள் பெரும்பாலானவற்றில் மகப்பேறுச் செலவு, சிசேரியன் உட்பட, விலக்குப் பட்டியலில்தான் இருக்கும். மகப்பேறு சேர்ந்த பாலிசியிலும் காத்திருப்புக் காலம் உண்டு. சிலவற்றில் 9 மாதம், சிலவற்றில் இரண்டு, மூன்று வருஷம்கூட. உங்கள் மகளுக்கோ இன்னும் இரண்டு மாதம்தான். ஏஜென்டிடம், "பாலிசி வாசகத்தில் அந்த வரியைக் காட்டுங்க" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

நீங்கள் பார்க்க வேண்டியது மருமகன் கம்பெனியின் குரூப் பாலிசியை, அதாவது ஊழியர்களுக்குச் சேர்த்துக் கம்பெனி எடுக்கும் ஹெல்த் பாலிசியை. பல கம்பெனிகள் அதில் பிரசவத்தை முதல் நாளிலிருந்தே சேர்த்திருப்பார்கள். சிசேரியனுக்குத் தனி உச்சவரம்பு இருக்கும். ஆனால் மகள் பெயர் அதில் ஏறியிருக்க வேண்டும். கல்யாணம் ஆனதும் சேர்க்க மறந்துவிட்டு, பிறகு தலையில் கை வைப்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அப்புறம் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி அவர்கள் கேஷ்லெஸ் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் முழுப் பணத்தையும் நீங்கள் கட்டி, ஒரிஜினல் பில்களையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் அனுப்பித்தான் திரும்ப வாங்க வேண்டும்.

ஏழாம் மாதத்தில் தலை திரும்பாததற்குப் பயப்பட வேண்டாம். 36 வாரத்துக்குள் பெரும்பாலான குழந்தைகள் தானாகத் திரும்பிவிடும். இருந்தாலும் பணத்தைச் சிசேரியனுக்கே தயார் செய்யுங்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டுத் தனியார் ஆஸ்பத்திரிகளில் நூற்றுக்கு 64 பிரசவம் சிசேரியன்தான், அரசில் 36.

என் அக்கா மகளுக்குச் சொன்ன பேக்கேஜ் 65,000. டிஸ்சார்ஜ் அன்று கவுண்டரில் நீளமாக ஒரு தாள் அடித்து வந்தது. ஆபரேஷன் ஒரே வரி. அதற்குக் கீழே மயக்க டாக்டர், குழந்தை டாக்டர், மருந்து, கையுறை, குழந்தைக்கு மஞ்சள் காமாலை என்று நீல லைட்டில் வைத்த இரண்டு நாள்... கடைசி வரியில் 97,000. அத்தான் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் ஏதோ தள்ளுபடி இருக்கிற மாதிரி. பேக்கேஜ் சொல்லும்போதே, "இதில் எதெல்லாம் சேராது?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். குழந்தையை ஐ.சி.யூ.வில் வைத்தால் ஒரு நாளைக்கு எவ்வளவு என்பதைக் கட்டாயம் கேளுங்கள்.

ஆகவே என் கணக்கு: 1.50 லட்சம் பிரசவத்துக்கு, மீதிக்குள் வளைகாப்பு. மண்டபத்தை விட்டுவிட்டு வீட்டிலேயே ஐந்து வகைச் சாதம் கிண்டினால் போதும். மதினிக்கு வருத்தம் இருக்கும்தான். அந்த 1.50 லட்சத்தைக் கடைக் கல்லாவில் கலக்காமல், மதினி பெயரில் தனி சேவிங்ஸ் கணக்கில் போடுங்கள். கல்லாவில் இருந்தால் சரக்கு எடுக்கப் போய்விடும். போதாவிட்டால் வங்கியில் நகைக்கடன். ஆனால் இப்போதே அடகு வைக்காதீர்கள். வைத்த நாளிலிருந்து வட்டி ஓடும்.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையும் மனசில் வையுங்கள். அரசு ஆஸ்பத்திரிகளில் சிசேரியன், மருந்து, ரத்தம், சாப்பாடு எல்லாம் இலவசம்; 2011-லிருந்து மத்திய அரசுத் திட்டமாகவே இது இருக்கிறது. ஏழைக் குடும்பங்களுக்குத் தமிழக அரசின் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 ரூபாய் வரை உதவியும் உண்டு (14,000 பணம், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகம்). தகுதி இருக்கிறதா என்று ஊர் நர்சம்மாவிடம் கேளுங்கள். எங்கே பிரசவம் பார்த்தாலும் பிக்மி எண் (கர்ப்பத்தை அரசிடம் பதிவு செய்யும்போது தருவது) வாங்கி வையுங்கள்; பிறப்புச் சான்றிதழுக்கும் அது வேண்டும்.

இன்னொன்று, யாரும் யோசிக்காதது. ஒரு தடவை சிசேரியன் ஆனால் அடுத்ததும் பெரும்பாலும் அப்படியே முடிகிறது. சுகப்பிரசவத்துக்கு முயற்சி செய்யலாம். ஆனால் கர்ப்பப்பையில் பழைய தையல் தழும்பு பிரிந்துவிடுகிற ஆபத்து கொஞ்சம் உண்டு என்பதால், உடனே ஆபரேஷன் செய்ய வசதியுள்ள ஆஸ்பத்திரியில்தான் அதைச் செய்ய வேண்டும். நஞ்சுக்கொடி அந்தத் தழும்பில் ஒட்டிக்கொண்டால் ரத்தம் ஏற்றும் செலவும் கூடும். இடைவெளியும் குறைந்தது ஒன்றரை, இரண்டு வருஷம் விடச் சொல்வார்கள். அந்த இடைவெளியில் மகளும் மருமகனும் மாதம் 4,000 வங்கியில் ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் சேமிப்பு) போட்டால், இரண்டு வருஷத்தில் கிட்டத்தட்ட ஒரு லட்சம் சேர்ந்துவிடும். மகப்பேறு சேர்ந்த பாலிசி வேண்டும் என்றால் அதையும் அப்போது பார்க்கலாம்.

இன்று ராத்திரியே மருமகனுக்குப் போன் போட்டு, பாலிசியில் மகள் பெயர் இருக்கிறதா, சிசேரியனுக்கு வரம்பு எவ்வளவு, பிறந்த குழந்தையை எத்தனை நாளுக்குள் சேர்க்க வேண்டும் என்று ஹெச்.ஆரிடம் கேட்கச் சொல்லுங்கள். வருகிற பதிலை எனக்கு அப்படியே அனுப்புங்கள். அதன் பிறகு வளைகாப்புக் கணக்கைப் பேசுவோம்.