வெள்ளைக்கண்ணி ஏன் இரண்டு வகை? மலையகப் பறவைகள்: கேள்வி-பதில்

சேர், இந்தியா கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அப்படியும் வேறெங்கும் இல்லாத பறவைகள் நுவரெலியாவில் எப்படி? (தலவாக்கலை)

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே சுமார் 30 கிலோமீற்றர்தான். பனியுகங்களில் கடல்மட்டம் இறங்கியபோது அதுவும் தரையாகக் கிடந்தது. ஆனால் குளிர்க்காட்டுக் குருவிக்குக் கடலைவிடப் பெரிய தடை, நடுவிலிருக்கும் வறண்ட சமவெளி. மன்னார், வவுனியா வெயிலில் அது எங்கே ஒதுங்கும்? அதனால் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு கூட்டம், நம் மலையில் ஒரு கூட்டம் என்று நின்று, காலப்போக்கில் வேறு வேறு இனமாகிவிட்டன. நீலகிரிக் காட்டுப்புறா, இலங்கைக் காட்டுப்புறா படங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டின் பிடரியிலும் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள். சொந்தக்காரர்கள் என்று சொல்லாமலே தெரியும்.

லயத்துக்குப் பின்னாலுள்ள முள்முருக்குக்கு இரண்டு விதமான வெள்ளைக்கண்ணி வருகின்றன. ஒன்று கடும்பச்சை. ஆணும் பெண்ணுமா? (ஹட்டன்)

இல்லை. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமுள்ள சிறு குருவியான வெள்ளைக்கண்ணியில் ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுதான். கடும்பச்சை, இலங்கைக்கே உரிய இனம். வெளிர்மஞ்சள் கலந்தது இந்தியாவிலும் உண்டு. பின்னதிலிருந்து முன்னது இங்கே பிரிந்திருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். மரபணு ஆய்வு வேறு கதை சொல்கிறது: இலங்கை இனம் வெள்ளைக்கண்ணிகளின் மிகப் பழைய கிளை. அது எப்போதோ வந்து மலைக்குளிருக்குப் பழகிவிட்டது. மற்றது பிறகு தனியாக வந்து, பெரும்பாலும் தாழ்ந்த இடங்களில் தங்கிவிட்டது. உங்கள் ஊர் உயரத்தில் இரண்டின் எல்லையும் கலக்கிறது. ஒரே மரத்தில் இரண்டையும் பார்ப்பதென்றால், கொடுத்துவைத்தவர் நீங்கள்!

தேயிலை வந்து பறவைகளை மாற்றிவிட்டதா? (அக்கரப்பத்தனை)

ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் இலங்கையின் முதல் வணிகத் தேயிலையை நட்டது 1867இல். புதிய இனம் உருவாக அந்தக் காலம் போதாது. ஆனால் யார் தங்குவது, யார் போவது என்பது மாறிவிட்டது. அதற்கு முன்பே கோப்பிக்காகவும் காடு வெட்டினார்கள். மஞ்சட்காதுக் கொண்டைக்குருவி வீட்டுத் தோட்டம்வரை வந்து சமாளிக்கிறது. இலங்கைச் சீகாரப் பூங்குருவியால் அது முடியாது. அதற்கு இருண்ட காடும் அதனுள் ஓடும் நீரோடையும் வேண்டும். தோட்ட நிர்வாகங்கள் மரம் நட்டுப் படம் எடுப்பதைவிட, ஓடைக்கரையில் மிஞ்சிய காட்டைத் தொடாமல் விடுவது மேல் என்பது என் கருத்து.

ஆறுமணிக் குருவி நம் நாட்டுப் பறவையா? (பண்டாரவளை)

விருந்தாளி. ஒக்டோபர் வாக்கில் வந்து, இனப்பெருக்கத்துக்கு இந்தியாவுக்கே திரும்பும். அங்கே எல்லாம் கலந்து சோடி சேர்வதால், இங்கே தனி இனமாகப் பிரிய வழியில்லை.