யோகாவிலும் தியானத்திலும் ராசிச் சின்னங்கள் எதற்கு?
ராசி என்பது வானத்தில் சூரியன் சுற்றிவருவதாகத் தோன்றும் 360 பாகை வட்டத்தின் 12 பங்குகளில் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஓர் உருவம். தனுராசனம், விருச்சிகாசனம், மகராசனம் என ஆசனங்களிலும் அவற்றில் சில உண்டு.

சும்மா 'மனதை அடக்கு' என்றால் அது அலையும்; பிடித்துக்கொள்ள ஒரு படம் கொடுத்தால் நிற்கும். எனக்குப் பிடித்தது தனுசு. குப்புறப் படுத்து, கணுக்கால்களைப் பிடித்து மேலே தூக்கும்போது, கைகள் நாண், உடம்பு வில் என்று நினையுங்கள். எங்கே இழுக்கிறது, எங்கே வளைகிறது என்று அப்போதே புரியும்.

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். எண் போட்ட பலகைகளும் உண்டு. பலகை பஸ்ஸைத் திருப்பாது, ஓட்டுநரின் கவனத்தைக் கூட்டும். சின்னமும் அப்படித்தான்.

விருச்சிக ராசிக்காரர் விருச்சிகாசனம்தான் செய்ய வேண்டும் என்பது தவறு. முன்னங்கைகளில் தலைகீழாக நிற்கும் அந்தக் கடினமான ஆசனத்தை, எந்த ராசியானாலும், ஆசிரியர் இல்லாமல் முயல வேண்டாம்.