பழைய பொலேரோ கேம்பரின் உட்புறத்தை நாமே மாற்றுவது: எதில் தொடங்கலாம்?

கேள்வி: பத்து வருடத்துக்கு மேல் ஓடிய பொலேரோ கேம்பர் பிக்கப் ஒன்றை வாங்கியிருக்கிறேன். எஞ்சின் நன்றாக இருக்கிறது, உள்ளேதான் பரிதாபம். ஆண்ட்ராய்டு திரை, புது சீட் கவர், எல்.இ.டி. விளக்கு என்று நானே ஒவ்வொன்றாகப் போட ஆசை. எதில் தொடங்குவது?

பதில்:

நீங்கள் எழுதியிருக்கும் மூன்றையும் கடைசிக்குத் தள்ளுங்கள். பழைய பிக்கப்பில் உட்கார்ந்திருப்பவரை வதைப்பது தண்ணீர், சூடு, சத்தம். அழகு அதற்கு அப்புறம்தான். வரிசையை மாற்றினால், ஆசையாகப் போட்டதையெல்லாம் ஒருநாள் கழற்றி வைத்துவிட்டுத்தான் தரையைத் தோண்ட வேண்டியிருக்கும்.

உடுமலைப் பக்கம் எங்கள் தோப்புக்கு ஒரு கேம்பர்தான் ஓடுகிறது. வார நாட்களில் தேங்காயும் உர மூட்டையும், விசேஷம் என்றால் அதிலேயே பழநி. அதன் உள்பக்கத்தை நானும் மச்சானும் சேர்ந்து பிரித்து மாட்டினோம். இருவருமே மெக்கானிக் கிடையாது. ஸ்பேனர் செட், ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், டோர் பேடு (கதவின் உள்பக்க அட்டை) கிளிப்பை நெம்ப ஒரு பிளாஸ்டிக் பட்டை, ஒரு மல்டிமீட்டர், இவ்வளவுதான் கையில் இருந்தன.

முதலில் தரை மேட்டைத் தூக்கிப் பாருங்கள். மேலே ரப்பர் காய்ந்திருக்கும், அடியில் இருக்கும் பஞ்சு ஈரமாக இருக்கும். அந்த ஈரம்தான் தகட்டைத் தின்னும், கேபினில் வரும் புளித்த நாற்றமும் அதிலிருந்துதான். எவ்வளவு சென்ட் அடித்தாலும் போகாது. எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்கார வேண்டும், இன்னொருவர் வெளியே ஹோஸில் தண்ணீர் விட வேண்டும். பீய்ச்சி அடிக்காமல் மெல்லிசாக விடுங்கள், கீழிருந்து மேலே போங்கள். மேலிருந்து ஆரம்பித்தால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து, எந்த ஓட்டை என்றே தெரியாது. பெரும்பாலும் முன் கண்ணாடியைச் சுற்றியிருக்கும் ரப்பர், காய்ந்து இறுகிப்போன கதவு பீடிங் (கதவோர ரப்பர் பட்டை), பானெட்டுக்குப் பின்னால் இலை தழை அடைத்த வடிகால், இவற்றில் ஒன்றாக இருக்கும். மழையே இல்லாத நாளிலும் பக்கத்து சீட்டின் கால் வைக்கும் இடம் நனைகிறதா? அப்படியானால் ஏ.சி. தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்க வாய்ப்பு அதிகம்.

ஓட்டை தெரிந்ததும் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சாதாரண சிலிக்கானைப் பிதுக்கிவிடாதீர்கள். வினிகர் வாசம் வரும் சிலிக்கான் காயும்போது அமிலம் விடும், தகட்டுக்கு ஆகாது. கண்ணாடி மாற்றும் கடைக்காரர்கள் பயன்படுத்தும் பி.யூ. (பாலியூரித்தேன்) சீலன்ட் கேட்டு வாங்குங்கள். பிறகு மேட்டை முழுதாக எடுத்து வெயிலில் போட்டு, துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, அதன் மேல் பெயின்ட். ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் உள்ளே போகும் அளவுக்கு அரித்திருந்தால் பெயின்ட் வேலைக்கு ஆகாது, டிங்கரிங் பட்டறையில் தகடு வைத்து வெல்டிங் செய்யத்தான் வேண்டும். அந்த ஒரு வேலையை வெளியே கொடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இப்போது சத்தம். தரை காலியாக இருக்கும் இந்த நேரம்தான் டேம்பிங் ஷீட் ஒட்டச் சரியான நேரம். ஒரு பக்கம் அலுமினியத் தாள், மறுபக்கம் பியூட்டைல் ரப்பர் பசை, சுமார் 2 மில்லிமீட்டர் தடிமனில் வரும். இது சத்தத்தைத் தடுக்கும் சுவர் என்று பலர் நினைத்துக்கொண்டு ஒரு இஞ்ச் விடாமல் ஒட்டுகிறார்கள். உண்மையில் இது தகட்டின் அதிர்வை உள்வாங்கிக் கொஞ்சம் வெப்பமாக மாற்றிவிடும், அவ்வளவுதான். ஆகவே பெரிய தட்டையான இடங்களில் பரப்பில் கால்வாசி முதல் பாதிவரை ஒட்டினாலே பலன் வந்துவிடும். ஒட்டுவதற்கு முன்னும் பின்னும் விரலால் தட்டிப் பாருங்கள், 'டங்' என்று கேட்டது 'டொக்' என்று அடங்கியிருக்கும். தகட்டைத் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் இல்லாமல் துடைக்க வேண்டும், ஒட்டியபின் சின்ன ரோலரால் அழுத்தித் தேய்க்க வேண்டும். ஹீட் கன் எல்லாம் எதற்கு? நம் ஊர் வெயிலில் ஷீட்டைக் கொஞ்ச நேரம் போட்டு எடுத்தால் தானாக இளகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. மொட்டை மாடி ஒழுகலுக்கு ஒட்டும் தார் டேப்பும் பார்க்க இதே மாதிரி வெள்ளித் தாளோடு இருக்கும், விலையும் குறைவு. வண்டிக்குள் வேண்டாம். சித்திரை வெயிலில் தார் இளகி வழியும், நாற்றமும் போகாது.

சூடு வேறு கதை. டேம்பிங் ஷீட் சூட்டைப் பெரிதாகத் தடுக்காது. அதற்கு அதன் மேல் மூடிய துளை கொண்ட ஃபோம் வேண்டும், 6 முதல் 10 மில்லிமீட்டர் வரை. சாதாரண ஸ்பாஞ்ச் தண்ணீரைக் குடிக்கும், இது குடிக்காது. முதலில் டாப்பில் ஒட்டுங்கள், ஏனென்றால் நாள் முழுக்க வெயில் வாங்குவது அதுதான். அதற்கடுத்து எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகடு. இந்த இரண்டும் முடிந்தபின் எங்கள் வண்டியில் ஏ.சி.யை இரண்டாம் நம்பரில் வைத்தாலே போதும் என்றாகிவிட்டது.

டாப்பைத் திறந்திருக்கிறீர்கள் என்பதால் தொங்கும் லைனிங்கையும் அப்போதே முடித்துவிடுங்கள். துணி கெட்டிருக்காது. துணிக்குப் பின்னால் உள்ள மெல்லிய ஃபோம் வெயிலில் பொடியாகியிருக்கும், அதனால்தான் தொங்குகிறது. அந்தப் பொடியைச் சுத்தமாக பிரஷ்ஷால் எடுக்காமல் துணியை ஒட்டினால் மறுபடியும் கழன்றுவிடும். குஷன் கடைகளில் கிடைக்கும் எஸ்.ஆர். (செயற்கை ரப்பர்) பசையை இரண்டு பக்கமும் பூசி, கையில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து ஒட்ட வேண்டும். ஒருமுறை பட்டால் பிடித்துக்கொள்ளும், நகர்த்த முடியாது. அதனால் நடுவில் ஆரம்பித்து இரண்டு பேராக ஓரத்துக்கு நீவிக்கொண்டே போங்கள்.

கதவுகளில் டோர் பேடைக் கழற்றினால் உள்ளே ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். பழைய வண்டிகளில் அது பாதி கிழிந்திருக்கும், சிலவற்றில் காணவே காணோம். குப்பை என்று தூக்கிப் போடாதீர்கள். கண்ணாடி ஓரமாகக் கதவுக்குள் இறங்கும் மழைத் தண்ணீர் கேபினுக்குள் வராமல் தடுப்பது அந்தத் தாள்தான். கெட்டியான பாலித்தீனில் புதிதாக வெட்டி ஒட்டலாம். கதவின் அடிப்பக்கத்தில் தண்ணீர் வடிய ஓட்டைகள் இருக்கும், டேம்பிங் ஷீட் அவற்றை மூடிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வயரிங்கில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. முந்தைய உரிமையாளர் போட்ட ஹார்ன், ஃபாக் லேம்ப், சாமி விளக்கு என்று டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு நூல்கண்டே தொங்கும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, எது எங்கே போகிறது என்று பார்த்து, வேண்டாததை எடுத்துவிடுங்கள். புதிதாக எது போட்டாலும் பேட்டரியிலிருந்து தனி லைன், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ். ஃபியூஸ் காப்பாற்றுவது வயரை, கருவியை அல்ல. ஆகவே வயரின் தடிமனுக்கு ஏற்ற ஃபியூஸ் வேண்டும். 12 வோல்ட்டில் 100 வாட் என்றால் 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், வீட்டு பல்பு வயரெல்லாம் தாங்காது.

திரைக்கு இப்போது வரலாம். செட்டின் முகப்பு அளவை 'டின்' என்பார்கள்: ஒற்றை டின் 180க்கு 50 மில்லிமீட்டர், இரட்டை டின் 180க்கு 100. டேஷ்போர்டில் இருக்கும் ஓட்டையை அளந்துவிட்டு வாங்குங்கள். வெளிச்சந்தை செட்களில் பெரும்பாலும் மஞ்சள் வயர் நேரடி பேட்டரிக்கு, சிவப்பு சாவி போட்டால் வரும் லைனுக்கு, கறுப்பு எர்த். மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்து முறுக்கி பேட்டரியில் கொடுத்தால் நான்கு நாள் வண்டியை எடுக்காமல் விட்டபின் ஸ்டார்ட் ஆகாது. எல்லாம் முடிந்து, சாவியை எடுத்து, கதவை மூடி, பேட்டரி லைனில் அப்போதும் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்று மல்டிமீட்டரில் பாருங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் நிம்மதி.

எல்.இ.டி. சுலபம், எரியாவிட்டால் பல்பைத் திருப்பி மாட்டினால் எரியும். ஆனால் மீட்டரில் இருக்கும் பேட்டரி எச்சரிக்கை பல்பைத் தொடாதீர்கள். பல பழைய வண்டிகளில் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யத் தொடங்கத் தேவையான மின்சாரமே அந்த பல்பு வழியாகத்தான் போகிறது. எல்.இ.டி. போட்டால் சார்ஜ் ஏறாமல் போகலாம்.

சீட் கவர் வாங்கும் பணத்தில் சீட்டுக்குப் புது ஃபோம் போட்டுவிடலாம் என்பது என் அபிப்பிராயம். அமுங்கிப்போன ஃபோமுக்கு மேல் எந்தக் கவர் போட்டாலும் இடுப்பு வலிக்கத்தான் செய்யும். சீட்டை நீங்களே கழற்றி குஷன் கடைக்குக் கொண்டுபோய், 40 டென்சிட்டி ஃபோம் கேளுங்கள். தைப்பதை அவர்களிடம் விட்டுவிடுங்கள். சீட், சீட் பெல்ட் போல்ட்டுகளை மட்டும் தனி டப்பாவில் பத்திரப்படுத்துங்கள். அவை சாதாரண போல்ட் இல்லை, தொலைந்தால் ஹார்டுவேர் கடை போல்ட் போட்டு ஒப்பேற்றக் கூடாது.

பின் சீட்டை எடுத்துவிட்டுப் பெட்டி வைக்கலாம், பின்னால் சரக்கு ஏற்றும் டிரேயில் கூடுதல் சீட் போடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். சீட் எண்ணிக்கை ஆர்.சி.யில் இருக்கிறது, பதிவில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்னும் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு அங்கேதான் குறுக்கே வரும். லைனிங், ஃபோம், மேட்டுக்கெல்லாம் அந்தச் சிக்கல் இல்லை. வெயிலுக்கு ஃபிலிம் ஒட்ட நினைத்தால், முன், பின் கண்ணாடியில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடியில் 50 சதவீதமும் வெளிச்சம் உள்ளே வர வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். சரக்கு வண்டிப் பதிவு என்றால் எட்டு வருடத்துக்கு மேல் வருடா வருடம் எஃப்.சி. (தகுதிச் சான்று) உண்டு, அங்கே கண்ணாடியைப் பார்ப்பார்கள்.

டோர் பேடு, கைப்பிடி, டேஷ்போர்டு மூடி போன்றவை உடைந்திருந்தால் புதிதுக்கு அலைவதற்கு முன் பழைய சாமான் கடைகளைப் பாருங்கள். சென்னை என்றால் புதுப்பேட்டை. திரை, ஸ்பீக்கர் வகையறாவுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. போகும்போது உடைந்த கிளிப் ஒன்றையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள், மாடலுக்கு மாடல் அளவு மாறும், வாயால் சொல்லி வாங்க முடியாது.